குச்சு யார் கட்டியது?

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். இப்போது எந்தத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் சொல்கிறதாம். போகும் முன்பே முதலாளிக்கும் தகவல் போய்விடுமாம். "அப்படின்னா அங்க என்னம்மா இருக்கும் பார்க்க?" என்று கேட்டேன். சிரித்தாள். பிறகு, "சின்னப் பிள்ளைங்களோட வயசை உங்க காலத்துல எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்றாள். "நான் யாருடைய வயசையும் கேட்டதே இல்லை" என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பரவாயில்லை, இந்த வேலைக்கு லாயக்கானவள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கூரத்தில் பிறந்தவள். தொழிலாளர் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவள். பயிற்சியில் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். பொய் சொல்கிறவன் எதிரில் நிற்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு பிரிவும் இல்லை. அதை வேலைதான் கற்றுக்கொடுத்தது. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. கீரைக்கட்டை அவிழ்த்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். "பெண் பார்க்க வந்த அன்னிக்கே என்னைச் சந்தேகமாப் பார்த்தவதானே நீ" என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிக்காட்டுவார்.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் திடீரென்று சட்டை தைக்கும் ஷெட்டுகள் முளைத்தன. அப்போது அதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். மெட்ராஸ் எக்ஸ்போர்ட்காரர்கள் துணியை வெட்டி மூட்டையாக அனுப்புவார்கள். இங்கே பழைய நெல் குடோனில் மிஷின் போட்டுத் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். தைக்கிறவர்கள் பெரியவர்கள். பிசிறு நூல் வெட்ட, காலர் திருப்ப, பட்டன் வைக்க மட்டும் சின்ன விரல்கள் வேண்டும். பதினாலு நிறையாத பிள்ளை தொழிற்சாலைக்குள் நிற்கவே கூடாது என்பது சட்டம். கூலி வேலைக்காரர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள்தான் நின்றார்கள்.

எனக்கு மேலே ஆய்வாளராக இருந்தவர் தேவநேசன் சார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, தோளில் சொந்தத் தண்ணீர் பாட்டில். எந்த ஷெட்டிலும் ஒரு வாய் மோர்கூடக் குடிக்கமாட்டார். "மோர் குடிச்சா கண்ணு மங்கிப் போகும்" என்பார். உள்ளே போனதும் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டார். ஒவ்வொரு மிஷினுக்கு முன்னாலும் போட்டிருக்கும் ஸ்டூலில் தானே உட்காருவார். பெடல் மேல் கால் வைப்பார், கைகளை மேஜையில் வைப்பார், எழுந்து அடுத்ததுக்குப் போவார். ஸ்டூல் மேல் சாக்கு மடித்துப் போட்டிருந்தால் அவருடைய தொடை மேஜையின் அடியில் இடிக்கும். இடித்தால் என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்த இடம் யாரோ சின்னவளுடையது என்று அர்த்தம்.

அவர் என்னையும் நம்பவில்லை. எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை ஜீப்பில் ஏறிய பிறகுதான் சொல்வார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் நாங்கள் போய்ச் சேரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒருத்தர்கூட இருக்கமாட்டார்கள். தரையில் வெட்டிய நூல் குவிந்து கிடக்கும், அதை வெட்டிய கை இருக்காது. ஊர் பேர் அவருக்கு மட்டும்தானே தெரியும், அப்படியானால் இவரே சொல்லிவிடுகிறாரோ என்று நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். ஒரே ஜீப்பில் ஒருவரை ஒருவர் நம்பாமல் பல மாதம் போய்வந்தோம். கடைசியில் காரணம் சப்பென்று இருந்தது. எல்லா ஊருக்கும் வழி பிரிகிற ஏரிக்கரைத் திருப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் குறுக்கு வழியில் ஷெட்டுகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அன்று முதல் ஜீப்பை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய், ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வரப்பு வழியாக நடந்தோம்.

ஒளிக்க முடியவில்லை என்றானதும் அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். எங்கள் பக்கத்தில் பாவாடை சட்டை போட்டிருந்தால் சின்னப் பிள்ளை. வயசுக்கு வந்து, சடங்கு ஆன பிறகுதான் தாவணி. ஒரு நாள் நாங்கள் குடோனுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் யாரும் ஓடவில்லை. எல்லோரும் தாவணியில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தாவணியும் ஒரே நீலக் கட்டம் போட்ட துணி. எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட சட்டைத் துணியையே வெட்டிச் சுற்றிவிட்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் பதினாறு வயசு என்று டாக்டர் சர்டிபிகேட் வேறு. தேவநேசன் சார் அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் வாயில் சுத்தம் என்பது வசவு.

அங்கே மேஸ்திரி ஏழுமலை. அந்த ஊர் ஆள்தான். அவனுக்கு 'நான்தான்' என்று ஆரம்பிக்காமல் பேச வராது. ஷெட்டுக்கு ஓடு போட்டது நான்தான், கரண்ட் இழுத்தது நான்தான், இந்தப் பொண்ணுங்களுக்கெல்லாம் பொழப்பு காட்டினது நான்தான் என்று கூடவே நடந்துவருவான்.

நான் பிள்ளைகளிடம் வயசைக் கேட்கவில்லை. கேட்டால் பதினாறு என்று கிளிப்பிள்ளை மாதிரி வரும். "குச்சு யாரு கட்டினது?" என்று மட்டும் கேட்டேன். பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் வந்து பச்சை ஓலை வெட்டி, வீட்டுக்குப் பக்கத்தில் சின்னக் குடிசை கட்டி அவளை உட்காரவைப்பான். அதுதான் குச்சு. அது தாய்மாமனின் உரிமை. சடங்கு முடிந்ததும் குச்சைக் கொளுத்திவிடுவார்கள். அதில் உட்கார்ந்த பெண் எந்த மாமன் கட்டினான், என்ன புடவை எடுத்துவந்தான் என்பதை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். உட்காராதவள் என்ன சொல்வது என்று தெரியாமல் மேஸ்திரி முகத்தைப் பார்ப்பாள். அன்று பாதிக்கு மேல் ஏழுமலை முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அதற்குள் தேவநேசன் சார் பட்டன் மிஷினில் உட்கார்ந்திருந்தார். தொடை இடித்தது. எழுந்து மிஷினைச் சுற்றி வந்தார். எல்லா மிஷின் மேலும் பஞ்சுத் தூசி படிந்திருக்க, இது மட்டும் துடைத்து எண்ணெய் போட்டுப் பளிச்சென்று இருந்தது. ஊசி புதுசு.

"இதுல யாரு உட்கார்றது?"

"லீவு சார். அவ பெரிய பொண்ணு. இந்த மிஷின நான்தான் கத்துக்குடுத்தேன்" என்றான் ஏழுமலை.

மூலையில் ஒரு குட்டிப் பெண், தாவணி தோளிலிருந்து நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல், "அம்சா. அதுக்கு வெரல்ல ஊசி ஒடிஞ்சி உள்ளாற போயிட்சி" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். பட்டன் மிஷின் ஊசி விரலுக்குள் முறிந்தால் உடனே அறுத்து எடுக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எங்கே அடிபட்டது, வயசு என்ன என்று எழுதுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும். அதனால் இவர்கள் கொண்டுபோயிருக்கமாட்டார்கள். அப்படியானால் அந்தப் பிள்ளையின் கை இப்போது எந்த நிலையில் இருக்கும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. "வீட்டைக் காட்டு" என்றார் சார், ஏழுமலையிடம்.

அம்சா ஏழுமலையின் அண்ணன் மகள் என்பது வழியில்தான் தெரிந்தது. அண்ணன் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அம்சாவின் அம்மா கன்னியம்மா எங்களைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"பொண்ணு எங்கம்மா?" என்றேன்.

"குச்சுல கீதும்மா. வயசுக்கு வந்துட்சி. இன்னிக்கி நாலாம் நாளு. ஆம்பளைங்க அந்தாண்ட வரக்கூடாது."

வீட்டுக்குப் பின்னால் தென்னை ஓலையில் ஒரு குச்சு நின்றுகொண்டிருந்தது. தேவநேசன் சார் சட்டென்று பின்வாங்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எந்த ஆண்பிள்ளையும் அதைத்தான் செய்வார். ஏழுமலையின் முகத்தில் இறுக்கம் தளர்ந்ததை நான் பார்த்தேன். அந்த நிம்மதிதான் என்னை உறுத்தியது.

சுற்றிலும் பார்த்தேன். பெண் குச்சில் இருக்கிற வீடு இப்படி ஊமையாக இருக்காது. அக்கம்பக்கத்துப் பெண்கள் புட்டும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்தபடி இருப்பார்கள், கேலிப் பேச்சு கேட்கும். அங்கே அடுப்பே எரியவில்லை. கன்னியம்மாவின் தலை சீவி நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

"சந்தோஷம்மா. குச்சு யாரு கட்டினது?" என்றேன்.

கன்னியம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டான். "நான்தாம்மா. அண்ணன் வூட்டுக்கு நான் செய்யாத யாரு செய்வா? ஓல வெட்னது, கட்னது எல்லாம் நான்தான்."

தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் நின்றுவிட்டாள். கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது ஏழுமலைக்கு உறைத்தது. அப்பன்கூடப் பிறந்தவன் பங்காளி. பங்காளி போய்க் குச்சு கட்டுவது எங்கள் பக்கத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். ஊரை ஏமாற்ற இவ்வளவு யோசித்தவனுக்குப் பெருமை பேசும் வாயை அடக்கத் தெரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

"சித்தப்பன் குச்சு கட்டி நான் பார்த்ததில்லையே" என்றேன்.

"தாமல் ஊர்ல அவ மாமங்காரனுக்கு சொல்லி அனுப்ச்சோம்மா. அவன் வர்ல. அதான் நான்..."

"சொல்லல" என்றாள் கன்னியம்மா. குனிந்த தலை நிமிரவில்லை. "எங்கண்ணனுக்கு யாரும் சொல்லல."

நான் குச்சுக்குள் நுழைந்தேன். வாசலில் குறுக்கே போடவேண்டிய உலக்கை இல்லை. வேப்பிலை இல்லை. அழுக்குப் பாவாடை சட்டையில் ஒரு பிள்ளை சுருண்டு கிடந்தது. வலது கையில் நீலக் கட்டத் துணியைச் சுற்றியிருந்தார்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் சீழும் கலந்து நாற்றம் அடித்தது. முழங்கை வரைக்கும் வீக்கம். நெற்றியில் கை வைத்தேன், அனலாகக் கொதித்தது. பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. மேலே கோரைப்பல் ஒன்று விழுந்து ஓட்டையாக இருந்தது.

"எனக்குப் பதினாறும்மா" என்றது.

நான் கேட்கவே இல்லை. அதுவாகச் சொன்னது. எத்தனையோ பொய்களை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் பொய்யைக் கேட்டு மட்டும்தான் அழுதேன்.

"சார், உள்ளே வாங்க. இது குச்சு இல்லை" என்று கத்தினேன். தேவநேசன் சார் வந்தார். குச்சு இல்லை என்று சொல்லியும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் குனிந்து நுழைந்தார். பிள்ளையை அவரே தூக்கினார். குடோன் வாசலில் மெட்ராஸுக்குப் புறப்பட வேன் நின்றிருந்தது. மூட்டைகளை இறக்கச் சொன்னார். ஏழுமலை ஏதோ முணுமுணுத்தான். "நீதானப்பா இங்க எல்லாம் செய்யறவன். இதையும் நீயே இறக்கு" என்றார். அவன் இறக்கினான். அவ்வளவு நாளில் அவர் கேலியாக ஒரு வார்த்தை பேசிக் கேட்டது அன்றுதான். வேனில் கன்னியம்மாவும் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஷெட்டை மூடிவிடுவார்கள், உன்னாலதான் என்று தெருவே காறித் துப்பும் என்று ஏழுமலை மிரட்டியதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வயசு கேட்டார்கள். கன்னியம்மா "பதி..." என்று ஆரம்பித்து நிறுத்தி, மகளைப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு" என்றாள். கை தப்பியது. ஆள்காட்டி விரலின் முதல் கணுவை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் கையே போயிருக்கும் என்று டாக்டர் எங்களைத் திட்டினார், நாங்கள்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டு.

வழக்குப் போட்டோம். அபராதம் கட்டினார்கள். ஷெட் மூடி, புள்ளலூர் பக்கம் வேறு பெயரில் திறந்தது. நாங்கள் மறுபடி வரப்பில் நடந்தோம். ஜெயித்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வருஷம் போயிருக்கும். ஒரு நாள் கன்னியம்மா அலுவலகத்துக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"அம்சா மெய்யாலுமே பெரிய மனுஷி ஆயிட்சிம்மா. அன்னிக்கி கட்டினது பொய்க் குச்சுன்னு நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுக்கணும்."

எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். பெண் வயசுக்கு வந்துவிட்டாள் என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்கி, புள்ளலூர் ஷெட்டில் சேர்க்கப் பார்க்கிறாளோ? ஏழுமலை அனுப்பிவைத்திருப்பானோ? குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டேன். அவள் அழாமல் சொன்னாள். நாங்கள் அம்சாவைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள், தெருவுக்கு முன்னால் தன் மானம் போகக்கூடாது என்று ஏழுமலை அந்தக் குச்சைக் கொளுத்திவிட்டான். கொளுத்தினால் சடங்கு முடிந்தது என்று ஆகிவிடும். தனக்குச் சொல்லாமல் பங்காளியை வைத்துக் குச்சு கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட தாமல் அண்ணன், அதோடு பேச்சை விட்டார். இப்போது உண்மையாகவே வயசுக்கு வந்து சொல்லி அனுப்பினால் வரமாட்டேன் என்கிறார். மாமன் வராத பெண்ணைத் தெரு ஒரு மாதிரி பேசும். பேச ஆரம்பித்தும்விட்டது.

"வூட்டு மூலைல குந்திக்கினு கீதும்மா. மாமன் வர மாட்டாரா, மாமன் வர மாட்டாரான்னு அதயே கேட்டுக்கினு கீது" என்றாள்.

சார் எழுந்து பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டார். அலுவலக வேலையாக இது எந்தப் பிரிவில் வரும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அரை நாள் லீவு எழுதிவைத்துவிட்டு மூன்று பேரும் தாமலுக்கு பஸ் ஏறினோம்.

மாமன் பச்சையப்பன் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். தங்கச்சியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். நான் மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வை.

"உங்களுக்கு இன்னா லாபம் இதுல?" என்றார் முதலில்.

சார் விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு பொண்ணு எத்தினி தடவ சார் வயசுக்கு வருவா? அதான் சித்தப்பன் கட்டி, கொளுத்தியும் உட்டானே."

சார் பையைத் திறந்து, அன்றைய ஆய்வறிக்கையின் நகலைப் படித்துக்காட்டவா என்றார்.

"பேப்பர நீயே வெச்சிக்க சார். இந்தம்மாதான் உள்ள போச்சா? அது சொல்லட்டும்."

நான் சொன்னேன். உலக்கை இல்லாததை, பாவாடை சட்டையை, விழுந்த பல்லை, கையில் சுற்றியிருந்த துணியை. ஊசி முறிந்ததை மறைக்கத்தான் அந்தக் குச்சு என்றேன். விரலை எடுத்துவிட்டார்கள் என்றதும் அவர் கையிலிருந்த முறம் நின்றது.

"வெரலா?" என்றார். தங்கச்சியைப் பார்த்தார். "இன்னாடி, வெரலு போச்சா?"

கன்னியம்மா தன் ஆள்காட்டி விரலின் முதல் கணுவைத் தொட்டுக் காட்டினாள். கோபித்துக்கொண்டு பேச்சை விட்ட அண்ணனுக்கு அந்தச் சேதி போகவே இல்லை. மானத்துக்கு அஞ்சி அவளும் சொல்லி அனுப்பவில்லை. பச்சையப்பன் முறத்தை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு தென்னைப் பக்கம் போனார்.

மறுநாள் எனக்கும் அழைப்பு வந்தது. சார் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். வீட்டுக்குப் பின்னால் புதுக் குச்சு. வாசலில் உலக்கை. புட்டு வாசனை தெரு வரைக்கும் வந்தது. ஏழுமலையை அந்தப் பக்கம் காணவில்லை. நான் குனிந்து உள்ளே போனேன். அம்சா வளர்ந்திருந்தாள், பல் முளைத்திருந்தது. என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள். என் புத்தி எங்கே போகும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே, ஓலை பச்சையா பழசா என்று தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"அன்னிக்கி நீங்க வெளிய நின்னுக்கினு ஒண்ணு கேட்டீங்களே, எனக்கு உள்ளாற கேட்டுச்சி" என்றாள். "அத இப்ப கேளுங்க."

"குச்சு யாரு கட்டினது?"

"எங்க தாமல் மாமன்" என்றாள் அம்சா, குட்டை விரலால் மேலே இருந்த முடிச்சுகளைக் காட்டி. ஓலையைத் தொடப் போன கையை நான் எடுத்துக்கொண்டேன்.